பகலில் தூக்கம், ராத்திரி உலாத்தல்: 'வயசாயிடுச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் ஃபிளாட், 10 வயது லாப்ரடார், பெயர் டைகர். ஒரு மாதமாகப் பகல் முழுக்கச் சுருண்டு கிடக்கிறான். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடக்கிறான், டைல்ஸில் நகம் படுகிற சத்தத்தில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. வருஷக்கணக்காகப் படுத்த மெத்தையை விட்டுவிட்டு இப்போது பாத்ரூம் வாசலில் படுக்கிறான். வயசானால் அப்படித்தான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தூங்க வைக்க ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். காரணம் தெரியாமல் தூக்க மருந்து கொடுத்தால் நாய் சும்மா இருக்கும், அவ்வளவுதான்; எழுப்பிவிட்டது எதுவோ அது உள்ளே அப்படியே இருக்கும். வயசு என்பது நான் கடைசியாகச் சொல்லும் காரணம். மற்றதையெல்லாம் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் அங்கே போக வேண்டும். நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: 'வயசாயிடுச்சு சார், நாள்பூரா தூங்குது' என்று அழைத்து வரப்படும் நாய்களில் நிறையப் பேருக்கு மூட்டு வலியோ, உண்ணிக் காய்ச்சலோ, சர்க்கரையோ இருக்கும். வலிக்கு மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் வாசலுக்கு ஓடி வந்து வாலாட்டுகிற 'கிழவன்'களை நிறையப் பார்த்தாயிற்று.

நாயின் தூக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் மற்றது புரிவது சுலபம். வளர்ந்த நாய் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 12 முதல் 14 மணி நேரம் தூங்கும், குட்டி 18 முதல் 20 மணி நேரம்கூடத் தூங்கும், வயதான நாயும் கூடுதலாகத் தூங்கும். ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சாக இல்லை. 1993இல் ஆஸ்திரேலியாவில் நாய்களை ராத்திரி முழுக்கக் கவனித்து வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சராசரியாக 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு, மறுபடி தூக்கம் என்று எட்டு மணி நேரத்தில் 23 சுற்று வந்தது. அதனால் ராத்திரியில் நாய் விழிப்பது சகஜம். விழித்து, தலையைத் தூக்கி, காதை ஒரு பக்கம் திருப்பி, 'சரி, ஒன்றுமில்லை' என்று புரண்டு படுத்துவிடும். டைகர் விழித்துக்கொள்வதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விழித்தவன் ஏன் திரும்பப் படுக்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று கணக்குப் பார்ப்பதிலும் பெரிய பலனில்லை. ஒரு சிப்பிப்பாறை நாயும் ஒரு பக் நாயும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே மாதிரி தூங்காது. உங்கள் நாய் போன வருஷம் எப்படித் தூங்கியது, இப்போது எப்படித் தூங்குகிறது, அந்த வித்தியாசம்தான் டாக்டருக்கு வேண்டும். எங்கே படுக்கிறான், எந்தப் பக்கம் படுக்கிறான், கூப்பிட்டால் உடனே எழுகிறானா, எழும்போது எப்படி எழுகிறான். இதை வீட்டில் இருப்பவர்களைவிட நன்றாகச் சொல்ல எந்த ஸ்கேனும் இல்லை.

சரி, டைகர் விஷயத்துக்கு வருவோம். ராத்திரி எழுந்து நடக்கிற நாய் என்றதும் நான் முதலில் கேட்பது, ஒன்றுக்குப் போகிறானா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான் என்பதுதான். நீங்கள் எழுதியதில் பாத்ரூம் வாசல் என்ற இடத்தில் என் கண் நின்றது. அது குளிர்ச்சிக்காக இருக்கலாம், ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்ததாலும் இருக்கலாம். ஒழுங்காக வளர்ந்த நாய் வீட்டுக்குள் போய்விடக் கூடாது என்று படாதபாடு படும், அந்த அவஸ்தைதான் சில சமயம் நமக்கு உலாத்தலாகத் தெரிகிறது. ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் அளந்து தண்ணீர் வையுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். 30 கிலோ லாப்ரடார் 3 லிட்டருக்கு மேல் குடித்தால் வெயில் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிற குஷிங் நோய், இவை எல்லாமே இப்படித்தான் தலைகாட்டும். குஷிங் வந்த நாய் தண்ணீரும் குடிக்கும், பசியும் கூடும், வயிறு தொங்கும், ஏசி அறையில்கூட ராத்திரி நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும். அரிப்புக்காக பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆகவே டைகருக்கு இப்போது நடக்கிற மருந்துகள் அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள், காதில் விடுகிற சொட்டு மருந்து உட்பட.

ராத்திரி எழுகிறான் என்பதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீரை மறுப்பது ஆபத்து.

(பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருத்தடை செய்யாத நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டு, சாப்பிடாமல், படுத்தே கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கும். அன்றைக்கே காட்ட வேண்டிய விஷயம் இது.)

அடுத்தது வலி. லாப்ரடார், 10 வயது என்றாலே என் சந்தேகம் பாதி இங்கேதான் இருக்கிறது. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பிறவியிலேயே சரியாகப் பொருந்தாமல் போவது சகஜம், அதன்மேல் நம் வீட்டுச் சாப்பாட்டில் ஏறிய எடை, அதன்மேல் வழுக்குகிற டைல்ஸ். நாய் வலியை நொண்டிக் காட்டும், கத்திக் காட்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நாள்பட்ட மூட்டு வலியில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஒரு பக்கமாகப் படுக்கும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வலிக்கும், எழுந்து நாலு அடி நடக்கும், மூட்டு இளகும், மறுபடி படுக்கும். ராத்திரியெல்லாம் இதே கூத்து. ராத்திரி தூங்காததைப் பகலில் தூங்கித் தீர்க்கும், நாம் 'சோம்பேறி ஆயிட்டான்' என்போம். மெத்தையை விட்டுத் தரைக்குப் போவதற்கும் இதே காரணம் இருக்கலாம்: பஞ்சு அமுங்கிப்போன மெத்தையில் புதைந்து எழுவது இடுப்பு வலி உள்ள நாய்க்குப் பெரிய பாடு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, அவன் எழுகிற முதல் பத்து விநாடியை மொபைலில் எடுப்பது. முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுகிறானா, எழுந்ததும் முதல் சில அடிகள் விறைப்பாக இருந்து அப்புறம் சரியாகிறதா, படுப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை குனிந்து குனிந்து யோசிக்கிறானா. காரில் குதித்து ஏறுகிறவன் இப்போது முன்கால்களை மட்டும் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா. மாடிப்படியில் இறங்கும்போது ஓரமாகச் சாய்ந்து இறங்குகிறானா. இதில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வலி என்றதும் வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப அதிகம். பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக், எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பின்னது இரண்டும் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்த வாந்தி வரும், சிறுநீரகமும் போகும். பாராசிட்டமால் அளவு தப்பினால் ஈரலையும் ரத்தச் சிவப்பணுவையும் கெடுக்கும். நாய்களுக்குக் கொடுக்க கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் என்று வலி மருந்துகள் இருக்கின்றன. அதையும் ரத்தத்தில் ஈரல், சிறுநீரக அளவு பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். மருந்தைவிட முக்கியம் எடை. பந்திக்குப் பந்தி பிஸ்கட் வாங்கித் தின்னும் லாப்ரடாரின் விலா எலும்பைக் கை வைத்துத் தேட வேண்டியிருந்தால் அவன் குண்டு. எடை குறைந்தாலே நடை மாறும். நடக்கிற பாதையில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இல்லையென்றால் ஒரு சணல் சாக்கு, போதும். படுக்கைக்கு அமுங்காத கெட்டியான ஃபோம் போடுங்கள். வெறும் தரையிலேயே படுக்கும் பெரிய நாய்களுக்கு முழங்கையில் தோல் காய்த்துப்போய், சில சமயம் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாட்டு நாய் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள், அந்த உடம்பில் கொழுப்பே இல்லையே.

மூன்றாவது மூச்சு. இதை எல்லோரும் வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. நாய் நன்றாகத் தூங்கும்போது, அறை புழுக்கமில்லாமல் இருக்கும்போது, விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும், பெரும்பாலான நாய்களுக்கு 20ஐ ஒட்டியே இருக்கும். கனவு காணும்போது மூச்சு தாறுமாறாக இருக்கும், அப்போது எண்ணாதீர்கள். இரண்டு மூன்று ராத்திரி எண்ணியும் 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம், மறுநாளே காட்டுங்கள். படுத்ததும் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நிம்மதி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது, இவையும் அதே வழிதான். பொமரேனியன், ஸ்பிட்ஸ் மாதிரி சின்ன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தடித்துக் கசிவது ரொம்ப சகஜம்; டாபர்மேன், கிரேட் டேன் போன்றவற்றுக்கு இதயத் தசையே தளர்ந்துபோகும். பக், ஷிட்ஸு, புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் குறட்டை விடுவதை வீடியோ எடுத்துச் சிரிக்கிறோம். அதில் பல மூச்சடைப்பால்தான் சரியாகத் தூங்காமல் எழுந்து எழுந்து படுக்கின்றன. வயதான லாப்ரடாருக்கு இன்னொன்றும் உண்டு: குரல்வளையைத் திறக்கிற தசை செயலிழப்பது. குரைப்பு கரகரப்பாக மாறியிருக்கிறதா, மூச்சை உள்ளே இழுக்கும்போது அறுப்பது போல் சத்தம் வருகிறதா, கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் வெயிலில் நடை கூட்டிப் போவது உயிருக்கே ஆபத்து.

இது வரை ராத்திரிக் கதை. பகல் தூக்கத்துக்கு நம் ஊரில் தனியாக ஒரு சந்தேகம் இருக்கிறது, மேல்நாட்டு இணையப் பக்கங்களில் இதைத் தேடினால் நாலாவது பத்தியில்தான் வரும், நமக்கோ முதல் வரியில் வர வேண்டும்: உண்ணி. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே, சுவர் இடுக்கிலும் கட்டில் மூட்டிலும் முட்டையிட்டுப் பெருகும் சாதி. அது கடித்தால் எர்லிக்கியா என்ற கிருமியும், சிவப்பணுக்குள் புகுந்து அதை உடைக்கும் பபேசியாவும் வரலாம். எர்லிக்கியா மெதுவாக அரிக்கும். கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் பசிக் குறைவு, விட்டு விட்டுக் காய்ச்சல், ஒரு நாள் மூக்கில் ரத்தம். அதற்குள் ரத்தத்தை உறைய வைக்கிற ரத்தத் தட்டுகள் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். பபேசியாவில் ஈறு வெளுத்துப் போகும், சிறுநீர் காபி நிறத்தில் வரும். டைகரின் மேல் உதட்டைத் தூக்கி ஈறு ரோஜா நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். மூக்கு ஈரமா, காய்ந்ததா என்று பார்ப்பதெல்லாம் உதவாது. சாதாரணத் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் வழி, நாய்க்கு 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, நம் கணக்கில் 101 என்றதும் பதற வேண்டாம். சந்தேகம் இருந்தால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தப் பூச்சு (ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), முடிந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்ப்பார்கள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சுமார் 4 வாரம் ஓடும், மூன்றாம் நாளே துள்ளிக் குதிக்கிறான் என்று நிறுத்திவிடாதீர்கள். பபேசியாவுக்கு மருந்து வேறு. மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கிற உண்ணி மாத்திரைகள் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன, அதைத் தொடர்ந்து கொடுப்பது இந்தத் தலைவலியை விட மலிவு. இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது: மெத்தையிலும் அதை ஒட்டிய சுவர் இடுக்கிலும் உண்ணி பெருகியிருந்தால் நாய் அந்த இடத்தையே வெறுத்து வேறு இடம் தேடும். மெத்தையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

தைராய்டு குறைந்தாலும் நாய் நாள்பூரா தூங்கும். கூடவே, சாப்பாடு அதேதான் ஆனால் எடை ஏறும், வாலில் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகும், ஊரே புழுங்கும்போது இது வெயில் படும் இடத்தைத் தேடிப் போகும். டைகர் குளிர்ச்சியைத் தேடுவது போலத் தெரிவதால் இது கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் ரத்தம் எடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். ஏப்ரல், மே மாதத்தில் எழுதியிருந்தீர்கள் என்றால் நானே வெயிலைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கத்திரி வெயிலில் எந்த நாயும் பகலில் செத்தது போல் கிடந்து ராத்திரிதான் உயிர் பெறும். வியர்வை உள்ளங்காலில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும், அந்த ரோமத்தைப் போர்த்திக்கொண்டு வேறு என்ன செய்யும்.

இப்போது வயசு. ஆமாம், வயசும் காரணமாக இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. நாயின் மூளையிலும் நம்முடைய அல்ஸைமர் நோயில் சேர்வது போன்ற அமிலாய்டு என்ற புரதப் படிவு சேர்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2001இல் வெளியான ஆய்வில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் மூளைத் தளர்ச்சியின் ஏதாவது ஒரு அறிகுறியாவது இருந்தது. பகலும் ராத்திரியும் இடம் மாறிப்போவது அதில் முக்கியமான ஒன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வயதான நாய்களின் தூக்கத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்து 2023இல் வெளியிட்டார்கள். மூளைத் தளர்ச்சி கூடக்கூட நாய் தூங்க ஆரம்பிக்கவே நேரமாகிறது, தூங்கும் நேரமும் குறைகிறது. ஆனால் மறதி தனியாகத் தூக்கத்தை மட்டும் கெடுத்துவிட்டுப் போவது அபூர்வம். கதவின் கீல் பக்கம் போய் நின்றுகொண்டு திறக்கக் காத்திருப்பது, சோபாவுக்குப் பின்னால் புகுந்து வெளியே வரத் தெரியாமல் நிற்பது, சுவரை வெறித்துப் பார்ப்பது, வீட்டு ஆட்களைக் கண்டு வாலாட்டாமல் போவது, பழகிய நாய் ஹாலிலேயே ஒன்றுக்குப் போவது என்று வேறு சிலதும் கூட வரும். உங்கள் கேள்வியில் இதில் ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பீர்கள். அதனால்தான் டைகருக்கு இந்தப் பட்டத்தைச் சூட்ட எனக்கு அவசரமில்லை.

கண்ணும் காதும் குறைவதையும் மறதி என்று நினைத்துக்கொள்கிறோம். கண்புரை வந்த நாய் விளக்கணைத்ததும் பதறும், ஹாலில் ஒரு சின்ன நைட் லாம்ப் போட்டாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். காது கேட்காத நாய் ஆழ்ந்து தூங்கும், கூப்பிட்டால் எழாது, தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். அதைத் தொட்டு எழுப்பாமல், தரையைக் காலால் தட்டி அதிர்வில் எழுப்புங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

உடம்பில் ஒன்றுமே இல்லாமல் வீட்டு மாற்றத்தாலும் தூக்கம் மாறும். பையன் ஹாஸ்டலுக்குப் போனது, தாத்தா காலமானது, வீடு மாறியது, வீட்டுக்கு எதிரே மெட்ரோ வேலை, ஒருவர் நைட் ஷிப்டுக்கு மாறியது. நாய் வீட்டு ஆட்களின் நேரத்தோடு தன் நேரத்தை ஒட்டிக்கொள்ளும் பிராணி, ராத்திரி மூன்று மணி வரை லேப்டாப் முன்னால் உட்காருகிற வீட்டில் நாய் மட்டும் பத்து மணிக்குத் தூங்குமா? புடாபெஸ்டில் இயோட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று வீட்டு நாய்களின் தலையில் வலிக்காத மின்முனைகளை ஒட்டித் தூக்கத்தைப் பதிவு செய்கிறது. 2017இல் அவர்கள் கண்டது கொஞ்சம் எதிர்பாராதது: தனியாகக் கட்டிவைப்பது, முறைத்துப் பார்ப்பது என்று மனம் நோகும்படி நடத்தப்பட்ட நாய்கள், கொஞ்சி விளையாடப்பட்ட நாய்களைவிடச் சீக்கிரம் தூங்கிப்போயின, தூக்கத்தின் கட்டமைப்பும் வேறாக இருந்தது. ஆக, 'நிம்மதியா தூங்குறான்' என்பது எப்போதும் நிம்மதியாக இருக்கத் தேவையில்லை. தெருநாய்க் கூட்டம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ரவுண்டு வந்தாலும் டைகர் அதே நேரத்துக்கு எழுவான். நேரம் தினமும் துல்லியமாக ஒன்றாகவே இருந்தால் உடம்பைவிட வெளியே இருக்கும் காரணத்தைத் தேடுங்கள். தீபாவளி சமயம் என்றால் முன்பின் பத்து நாளைக்கு எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

தூக்கத்தில் நாய் கால் உதறுவதைப் பற்றிக் கீழே கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். கனவுத் தூக்கத்தில் நாய் காலை உதறும், முனகும், மீசை துடிக்கும், கண் இமைக்குள் கண் உருளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துவிடும், விழித்ததும் சுதாரித்துவிடும். வலிப்பு வேறு. உடம்பு மரக்கட்டை போல விறைக்கும், வாயில் நுரை, சில சமயம் சிறுநீர் போய்விடும், கூப்பிட்டால் கேட்காது, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் குருடன் போலத் தட்டுத் தடுமாறும். அப்போது வாயில் கை வைக்காதீர்கள், வீடியோ எடுங்கள், நேரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் வண்டியை எடுங்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று இருக்கிறது, ரொம்ப அபூர்வம்: சாப்பாட்டைக் கண்ட சந்தோஷத்திலேயே பொத்தென்று விழுந்து தூங்கிவிடும் நார்கோலெப்சி. இது பரம்பரையாக வந்த டாபர்மேன்களையும் லாப்ரடார்களையும் வைத்துத்தான் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 1999இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், மனிதர்களின் அந்த நோய் புரிந்ததில் அந்த நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காலை வரை காத்திருக்கக் கூடாத ராத்திரி ஒன்று இருக்கிறது. நாய் நிலைகொள்ளாமல் நடக்கிறது, வாந்தி எடுக்க முயல்கிறது ஆனால் எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை, வயிறு உப்பித் தட்டினால் மத்தளம் போலிருக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு அதிகம், லாப்ரடாருக்கும் வரும். அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். உங்கள் பகுதியில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே தேடி எண்ணைச் சேமித்து வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். க்ளினிக் மேஜையில் ஏற்றியதும் பயத்தில் எல்லா நாயும் இளைஞனாகிவிடும், நொண்டாது, இருமாது. அதனால் ராத்திரி நடக்கிற வீடியோ ஒன்று, எழுகிற வீடியோ ஒன்று, ஒரு வாரத் தண்ணீர் அளவு, மூச்சு எண்ணிக்கை, எழும் நேரம் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் குறித்து எடுத்துப் போங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துப் போனால் இன்னும் நல்லது. டைகருக்கு நான் எழுதுவதாக இருந்தால் ரத்த அணுக்கள், ரத்தப் பூச்சு, சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரல் அளவுகள், சிறுநீர்ச் சோதனை, இடுப்பு எக்ஸ்ரே, இவ்வளவுதான் முதல் சுற்று. தனியாரில் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1903இல் தொடங்கிய கல்லூரி. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் பார்க்கலாம்.

அது வரைக்கும் வீட்டில் செய்ய வேண்டியது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடியுங்கள், படுக்கும் முன் ஒருமுறை கீழே கூட்டிப் போங்கள், ராத்திரி எழுந்தால் திட்டாமல் ஒன்றுக்கு மட்டும் விட்டுவிட்டுப் பேசாமல் திரும்பக் கூட்டி வாருங்கள். விளக்கைப் போட்டு, கொஞ்சி, பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால் நோய் சரியானாலும் இரண்டு மணிக்கு எழுவது நிற்காது, லாப்ரடாருக்கு அந்தக் கணக்கெல்லாம் நன்றாகத் தெரியும். பகலில் ஒரேயடியாகத் தூங்க விடாமல் மாலை வெயில் தாழ்ந்ததும் மெதுவாக ஒரு நடை. நீளம் வேண்டாம், மோப்பம் பிடிக்க விட்டு நின்று நின்று போங்கள். தூக்கத்துக்கான ஹார்மோன் மாத்திரையான மெலடோனின் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூளைத் தளர்ச்சி உள்ள நாய்களுக்கு டாக்டர்கள் சில சமயம் அதைக் கொடுப்பதுண்டு, செலிஜிலின் என்ற மருந்தும் அதற்கு இருக்கிறது. ஆனால் மனிதர்களுக்கு விற்கும் மெலடோனின் மிட்டாய்களில் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு சேர்த்திருக்கும், அது கொஞ்சம் உள்ளே போனாலும் நாய்க்குச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், ஈரலும் பாதிக்கும். ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தால் டப்பாவை டைகருக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், ரத்த முடிவு வந்ததும் அதை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.